சேராத மூடி

மூடியக்காவின் வீட்டில் எந்த டப்பாவுக்கும் மூடி கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவள் புருஷனே சொல்வார். காலுறைத் தொழிற்சாலையில் வேன் ஓட்டும் டிரைவர் அவர். "எங்க வீட்டு எறும்புங்க ரொம்ப மரியாதையானதுங்க. சர்க்கரை டப்பா எப்பவும் திறந்தே இருக்கறதால வரிசையில நின்னு வாங்கிட்டுப் போகும்" என்று வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது அக்கா காதில் விழுந்தால், "இந்த வாய்க்கு அளவா ஒரு மூடி கிடைச்சா போதும், மத்த டப்பாவெல்லாம் திறந்தே கிடக்கட்டும்" என்பாள்.

சமையலறை மூடிகள் எல்லாம் முன்னறையில், பழைய துணிக்கூடை ஒன்றில் கிடக்கும். தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் குழந்தைகள் எட்டுப் பேரை அக்கா பார்த்துக்கொண்டாள். ஒன்றரை வயதிலிருந்து மூன்றரை வரை. அந்த எட்டில் ஒன்று என் மகள் வாலு. நாங்கள் மாடியில் குடியிருந்தோம். எனக்குத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை, என் மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில்.

குடிவந்த முதல் நாள் சுவரில் நான் அடித்த முதல் ஆணி என் பட்டச் சான்றிதழுக்குத்தான். எங்கள் பரம்பரையில் அப்படி ஒரு காகிதம் வாங்கிய முதல் ஆள் நான். சுத்தியல் சத்தம் கேட்டு மேலே வந்த அக்கா, சான்றிதழைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறைகூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. தம்பி, அல்லது பட்டதாரி. "பட்டதாரி, குழாயில தண்ணி வருது, பிடிச்சுக்கோ" என்று கீழேயிருந்து குரல் வரும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் அவள் வேலையைக் கூடவே இருந்து பார்த்தேன். நாளிதழை விரித்து அதன்மேல் கரண்டி, சாவி, சீப்பு மூன்றையும் வைத்து ஓரங்களில் கரியால் கோடிழுத்தாள். பொருளை எடுத்துவிட்டால் தாளில் அதன் நிழல் மட்டும் நிற்கும். குழந்தை கரண்டியைக் கொண்டுவந்து கரண்டி நிழலில் படுக்கவைக்க வேண்டும். தொழிற்சாலை கழித்துப்போட்ட ஒற்றைக் காலுறைகள் ஒரு பை நிறைய இருந்தன. கொடியில் ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டுவாள், தரையில் கிடப்பவற்றில் அதே நிறத்தை ஒரு குழந்தை தேடி எடுத்துவரும். முட்டை அட்டையின் குழிகளில் வண்ணத் துணித்துண்டுகள். டம்ளருக்குள் டம்ளர்.

"மூணு ஜோடிதான் வைக்கணும் தம்பி. நாலாவது வெச்சோம்னா எல்லாத்தையும் வாரி எறிஞ்சுட்டுப் போயிடும். அதுங்களுக்கும் ஒரு பொறுமைதானே."

நூல் சுற்றி வந்த அட்டைக்குழல் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தாள். புதிதாக எது வந்தாலும் முதலில் அந்தக் குழலுக்குள் போடுவாள். உள்ளே விழுந்து வெளியே வந்துவிட்டால், குழந்தையின் தொண்டைக்கும் போய்விடும் என்று கணக்கு. அதைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவாள்.

"இதுக்கெல்லாம் கடையில மரக்கட்டையில பொம்மை விக்குதேக்கா. வட்டம், சதுரம்னு அழகா இருக்கும்" என்றேன். படித்தவன் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"வாங்கிக் குடு, வேண்டாங்கல. அதைத் தூரப் போட்டுட்டு உன் செருப்புக்கு ஜோடி தேடும், பாத்துக்கோ."

அப்படியேதான் நடந்தது.

அன்று நான் கவனித்த இன்னொரு விஷயம், ஒரு குழந்தை மூடியைப் பொருத்திப் பார்க்கும்போது அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொள்வாள். குழந்தை திணறும். தலைகீழாக வைக்கும். அழப் பார்க்கும். அக்கா அசையமாட்டாள். சொல்லிக்கொடுப்பதில் இது ஒரு முறை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூடியக்கா என்ற பெயர் இந்த விளையாட்டுகளால் வந்ததில்லை. அவள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வரும். காலையில் டப்பா குழந்தையிடம் இருக்கும், மூடியை அம்மா எடுத்துக்கொண்டு போவாள். அழுகிற குழந்தையிடம் அக்கா சொல்வாள், "பாரு, மூடியை அம்மா கொண்டு போறா. டப்பா நம்மகிட்ட இருக்கு. மூடி எவ்வளவு நேரம் டப்பாவை விட்டுட்டு இருக்கும்? ஓடி வந்துடும்." அழுகை அநேகமாக நின்றுவிடும். சாயங்காலம் அம்மாவோ அப்பாவோ வந்து மூடியால் இரும்புக் கேட்டைத் தட்டுவார்கள். டங், டங். குழந்தை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடும். மூடியைத் தானே போட்டுப் பார்த்து, "சேந்துடுச்சு!" என்று கத்தும். அதற்குப் பிறகுதான் கேட் திறக்கும்.

அந்த வீட்டில் மூடியோடு இருந்தது ஒரே ஒரு டப்பா. அலமாரியின் மேல்தட்டில், சிவப்பு நூலால் குறுக்கே கட்டி வைத்திருந்தாள். "அதுல என்னக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

இன்னொன்றும் உண்டு. ஆறு பத்துக்குக் கேட்டில் ஒரு சத்தம் வரும். தினமும் இல்லை, வாரத்தில் ஒருநாள், சில வாரம் இரண்டு நாள். எல்லோரும் வந்துபோன பிறகு, மாடியில் இருக்கும் எனக்கும் கேட்கும். டங், டங். அக்கா எழுந்து போவாள். கேட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். தாழ்ப்பாள் ஆடுகிறது, காற்று என்றார் டிரைவர். தாழ்ப்பாளில் துணி சுற்றிக் கட்டினார். கட்டிய மறுநாளே சத்தம் வந்தது. "துணி போதல போல" என்று இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். அந்த விஷயத்தில் மட்டும் அவர் ஜோக் அடித்து நான் கேட்டதில்லை.

ஒருநாள் அந்தச் சத்தம் வந்தபோது நான் கீழே இருந்தேன். வாலு விளையாட்டை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்தாள்.

"யாரு கண்ணு?" என்றேன்.

"மூடி" என்றாள். பிறகு வெறும் கேட்டைப் பார்த்துக் கையசைத்தாள்.

படித்தவன் இதையெல்லாம் நம்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறினேன்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நனைந்துகொண்டே வந்து கேட்டைத் தட்டினேன். வாலு டப்பாவோடு ஓடிவந்தாள். கம்பி வழியாக மூடியைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். எடுத்தாள். திருப்பிப் போட்டாள். மூடி உட்கார்ந்தது, ஆனால் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"சேரல" என்றாள்.

"சேரும் கண்ணு, அமுக்கு" என்று சொல்லி, நானே அமுக்கலாம் என்று கம்பிக்குள் கையை நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையை எடு!"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"என்னக்கா, நான்தான். மேல்வீடு."

"தெரியும்."

"இது என் பொண்ணு."

"தெரியும். அவ சேரலன்னு சொல்லிட்டா."

மதியம் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் மூடி மாறியிருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. என் எதிரில் உட்காரும் ஸ்டோர்க்காரரும் பிள்ளையை இங்கேதான் விடுகிறார். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அனுப்பவில்லை, ஆனால் பழக்கத்தில் மூடியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் பையில் என் மூடி வீட்டுக்குப் போய்விட்டது. இதையெல்லாம் மழையில் நின்று விளக்கினேன். அக்கா கேட்டைத் திறக்கவில்லை.

"நான் என்ன திருடனா? படிச்சவன், ஒரு கம்பெனியில பொறுப்பான வேலையில இருக்கறவன். ஒரு தகர மூடிக்காக என் குழந்தையை எனக்கே தரமாட்டீங்களா?"

"படிச்சவன்தானே, போய் மூடியைக் கொண்டு வா."

கோபத்தில் ஏதேதோ முனகிக்கொண்டு ஸ்டோர்க்காரர் வீடு வரை நடந்தேன். திரும்பி வரும்போது ஏழு ஆகிவிட்டது. வாலு மூடியைப் போட்டாள், டக்கென்று உட்கார்ந்தது. "சேந்துடுச்சு!" அக்கா கேட்டைத் திறந்தாள். சண்டை போடும் எண்ணத்தோடுதான் நான் வந்திருந்தேன்.

"உள்ள வா தம்பி. தலையைத் துடை" என்றாள். துண்டைக் கொடுத்துவிட்டு, மேல்தட்டு டப்பாவை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. அந்தக் குழந்தையைப் பட்டன் என்று கூப்பிடுவார்களாம். பெரிய பொத்தான்களை நிறம் பார்த்து அடுக்குவதில் அவ்வளவு ஆசை. இரண்டே முக்கால் வயது. அவள் அம்மா தொழிற்சாலையில் காலுறை ஜோடி சேர்க்கும் பிரிவில் இருந்தவள். வலது, இடது, அளவு, நிறம் எல்லாம் விரலாலேயே தெரியும் அவளுக்கு. புருஷனை விட்டுப் பிரிந்து வந்தவள். "யார் வந்தாலும் மூடி கொண்டு வந்தா மட்டும் குடுங்கக்கா" என்று சொல்லியிருந்தாள். மூடி அவள் பையில்தானே இருக்கப்போகிறது என்ற தைரியம்.

அந்தப் புருஷன்காரன் நான்கு நாள் எதிர்த் தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறான். தொழிற்சாலை வாசல் பாத்திரக் கடையில் அதே அளவில் ஒரு டப்பா வாங்கியிருக்கிறான். ஐந்தாம் நாள் ஆறு பத்துக்கு மூடியால் கேட்டைத் தட்டினான்.

"அன்னைக்குக் கரண்ட் இல்ல. உள்ள ரெண்டு குழந்தைங்க வாந்தி எடுக்குதுங்க. ஒண்ணு வீல்னு கத்துது. பட்டன் டப்பாவை எடுத்துட்டு வந்தா. போட்டுப் பாத்தா. 'சேரல'ன்னு சொன்னா." அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான்தான் அமுக்கினேன் தம்பி. இந்தக் கையாலதான். 'சேந்துடுச்சு பாரு'ன்னு சொன்னேன். அவ என் முகத்தைப் பாத்தா. இன்னொரு தடவை 'சேரல'ன்னா. நான் கேட்டைத் திறந்துட்டேன். இந்த டப்பாவை அந்த மூடியோடவே கீழ போட்டுட்டு, அந்த ஆளு அவளைத் தூக்கிட்டுப் போயிட்டான். பத்து நிமிஷத்துல அம்மா வந்து தட்டினா."

வெளியே மழை விட்டிருந்தது. வாலு தரையில் சீப்பை அதன் நிழலில் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ்ல என்ன சொன்னீங்க?"

"குழந்தையே மூடிச்சு, சிரிச்சுக்கிட்டே அப்பாகிட்ட ஏறிக்கிச்சுன்னு சொன்னேன். பயம். அவ அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன். இவருக்கும் தெரியாது. ஒன்பது வருஷத்துல உன்கிட்டதான் சொல்றேன்."

அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவ அம்மா ஒரு வருஷம் தேடினா. அப்புறம் வேலையை விட்டுட்டு ஊரை விட்டே போயிட்டா. உங்க ஆபீஸ்ல எங்கேயாவது விலாசம் இருக்கும். ஒரு லெட்டர் எழுதிக் குடு."

"இப்ப எதுக்குக்கா? தெரிஞ்சா அவங்களுக்கு இன்னும்தானே வேதனை?"

"நீ இன்னைக்கு அமுக்க வந்தியே, அதே மாதிரி இருக்கு நீ சொல்றது" என்றாள்.

மேலாளரிடம் கேட்டேன். விலாசத்தைத் தர முடியாது, உறையில் போட்டுக் கொடுத்தால் அலுவலகமே அனுப்பிவைக்கும் என்றார். அன்று மாலை ஒரு முழுப்பக்கம் எழுதி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். 'தவிர்க்க இயலாத சூழ்நிலை', 'ஆழ்ந்த வருத்தம்' எல்லாம் அதில் இருந்தன. நன்றாக வந்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

"அழகா இருக்கு பட்டதாரி. இதுல நான் எங்க இருக்கேன்?"

கிழித்துப் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதியதில் மூன்றே வரிகள் வந்தன. 'பட்டனோட அம்மாவுக்கு மூடியக்கா எழுதறது. அன்னைக்கு நடந்ததை நான் மாத்திச் சொல்லிட்டேன். நேர்ல வந்தா உள்ளதைச் சொல்றேன்.' கீழே தன் கையெழுத்தை அவளே போட்டாள். முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

ஐந்து வாரம் பதில் இல்லை. ஆறு பத்துச் சத்தம் மட்டும் அடிக்கடி வர ஆரம்பித்தது. எனக்கு அப்படித் தோன்றியதா, நிஜமாகவே வந்ததா, தெரியாது. அக்கா இளைத்துப்போனாள். "என்னாச்சு இவளுக்கு? என் ஜோக்குக்குத் திட்டறதுகூட இல்ல" என்று டிரைவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

ஆறாவது வாரம் ஒரு சனிக்கிழமை. வாலுவை அழைத்துவரக் கீழே போயிருந்தேன். டிரைவரும் வேனைக் கழுவிவிட்டு உள்ளே வந்திருந்தார். கேட்டில் சத்தம். டங், டங். மணி பார்த்தேன், ஆறு பத்து. அக்கா எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூடி" என்றாள் வாலு.

மறுபடி டங், டங். அந்தச் சத்தம் எப்போதும் ஒருமுறைதான் வரும். நான் எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் பை. கையில் ஒரு சின்ன எவர்சில்வர் மூடி.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. "அவ இருக்காளா? ஏதாவது தெரிஞ்சுதா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"அவளைப் பத்தி ஒண்ணும் தெரியலம்மா. அன்னைக்கு நடந்ததைத்தான்..." என்றாள் அக்கா.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். அக்கா எதையும் விடாமல் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடவும் தெளிவாகச் சொன்னாள். டிரைவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அக்கா திரும்பச் சொன்னாள்.

"எப்படிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அக்கா தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, கீழுதட்டை லேசாகப் பிதுக்கி, "சேயல" என்றாள். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து இரண்டே முக்கால் வயதுக் குரல் வந்தது. அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஆமா. ர வராது அவளுக்கு." பிறகு கேட்டாள். "ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை என் முகத்தைப் பாத்து."

"ஒரு வருஷம் கழிச்சு அந்த ஆளு போன் பண்ணினான். அவ உன்னைக் கேக்கறதே இல்லன்னான். நான் நம்பினேன். ஏன்னா அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, சிரிச்சுக்கிட்டே போனான்னு. என்னை விட்டுட்டுப் போகத்தான் அவளுக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சு, தேடறதையே விட்டுட்டேன்." அவள் குரலில் சத்தமே இல்லை. "அவ சேரலன்னு சொல்லியிருக்கா. நான் தேடறதை விட்டிருக்கேன்."

அக்கா அவள் காலைத் தொடப் போனாள். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"உங்களை என்னால மன்னிக்க முடியாதுக்கா. அதைக் கேக்காதீங்க. சொன்னீங்க, அது போதும்."

அலமாரியின் மேல்தட்டில் சிவப்பு நூல் கட்டியிருந்த டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். டிரைவர்தான் ஓடிப்போய் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மூடியின் மேல் விரலை ஒருமுறை ஓட்டினாள். ஓட்டியதுமே முகம் சுளித்தது. கட்டைவிரலால் லேசாக நெம்பியதும் அது கழன்று தரையில் உருண்டது. தன் மூடியை வைத்தாள். அமுக்கவில்லை. அது தானாகவே உட்கார்ந்தது.

"சேந்துடுச்சு" என்றாள் வாலு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள். எனக்கு அவளை அள்ளிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அந்தப் பெண் வாலுவின் தலையைத் தொட்டாள்.

"நாளையிலிருந்து திரும்பத் தேடணும்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். டப்பாவைப் பைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டிரைவர் என்னிடம், "நான் தாழ்ப்பாளுக்குத் துணி சுத்திக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். போய் அந்தத் துணியை அவிழ்த்துவிட்டார்.

தரையில் உருண்ட அந்த மூடியை அக்கா தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து அது துணிக்கூடையில் மற்ற மூடிகளோடு கிடந்தது. குழந்தைகள் அதை எடுத்து ஒவ்வொரு டப்பாவிலும் வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்றில் சின்னதாக இருக்கிறது, ஒன்றில் ஆடுகிறது. "சேரல" என்கிறார்கள். "சத்தமா சொல்லு" என்கிறாள் அக்கா. "சேரல!" என்று கத்துகிறார்கள். "இன்னும் சத்தமா." தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்துகிறார்கள். அக்கா கைகளின்மேல் உட்கார்ந்து அதைக் கேட்கிறாள்.

ஆறு பத்துச் சத்தம் நின்றுவிட்டதா என்று என் மனைவி கேட்டாள். நிற்கவில்லை. நேற்றுகூட வந்தது. ஆனால் இப்போதெல்லாம் அக்கா எழுந்து கேட்டுக்குப் போவதில்லை. இருந்த இடத்திலிருந்தே வாசலைப் பார்த்துச் சொல்கிறாள்.

"கேட்டுச்சு பட்டன். கேட்டுச்சு."